ஷெட்டுதானே!

வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அக்கினி நட்சத்திரம் பிறப்பதற்கு முன்பே அங்கே அக்கினி பிறந்துவிடும். நட்சத்திரம் போன பிறகும் அது போக மனமில்லாமல் நாலு நாள் தங்கும். அந்த வெயிலில் வாசலில் நின்ற காரின் கதவைப் பகல் பன்னிரண்டு மணிக்குத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குக் காருக்கு மேலே ஒரு கூரை வேண்டும் என்ற ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. ஆசை வந்த மறு நிமிஷம் கண் போகிற இடம் ஒன்று உண்டு. வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே நீளமாக ஓர் இடம். அங்கே ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி, கைப்பிடி போன ஒரு வாளி, இரண்டு உடைந்த பூந்தொட்டிகள். "சும்மாதானே கிடக்கிறது" என்று மனசு சொல்லும்.

அந்தச் 'சும்மா'வைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

மாடி கட்டுகிறவர்கள் கூட யோசிப்பார்கள். என்ஜினீயரைப் பார்ப்பார்கள், பிளான் போடுவார்கள், நகராட்சி ஆபீசுக்கு நடப்பார்கள். கார் ஷெட் போடுகிறவர் யோசிப்பதில்லை. "ஷெட்டுதானே ஸார்! நாலு ஆங்கிள், மேலே தகரம், முன்னாலே ஒரு ஷட்டர். ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சா செவ்வாக்கிழமை வண்டியை உள்ளே விட்டுடலாம்" என்பார் மேஸ்திரி. செங்கல் வைத்தால்தான் கட்டடம், ஸ்க்ரூ முடுக்கினால் அது கட்டடமில்லை என்பது நம் ஊரில் ஊறிப்போன சித்தாந்தம்.

சட்டத்துக்கு இந்தச் சித்தாந்தம் தெரியாது. 1920-ஆம் வருஷம் சென்னை ராஜதானியில் ஜில்லா முனிசிபாலிடிகளுக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அது உத்தியோகம் பார்த்தது. 2023-ல் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளுக்கான சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அதற்கு ஓய்வு கிடைத்தது. கட்டடம் என்ற சொல்லில் எதெது அடங்கும் என்று அந்தப் பழைய சட்டம் ஒரு பட்டியல் வைத்திருந்தது. வீடு உண்டு, வெளிவீடு உண்டு, குதிரை லாயம் உண்டு, கக்கூஸ் உண்டு, குடிசை உண்டு, சுவரும் உண்டு. கல், செங்கல், மண், மரம், உலோகம் - எதனால் எழுப்பினாலும் சரி, எல்லாம் கட்டடமே. குதிரையின் லாயத்தையே விடாதவர்கள் குதிரை சக்தியின் லாயத்தை விட்டுவிடுவார்களா? அதே பட்டியலில் கொட்டகையும் இருக்கிறது. இங்கிலீஷ் மூலத்தில் கொட்டகைக்கு அவர்கள் போட்டிருக்கும் வார்த்தை என்ன என்று நினைக்கிறீர்கள்? 'ஷெட்'!

இன்றைக்குப் பார்க்க வேண்டியது 2019 பிப்ரவரி 4-ஆம் தேதி வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதற்கு முன்னால் சென்னைக்கு ஒரு விதி, நகராட்சிகளுக்கு 1972-ஆம் வருஷத்து விதி, கிராமப் பஞ்சாயத்துகளுக்கு 1997-ஆம் வருஷத்து விதி என்று தனித்தனிக் குடித்தனம். இப்போது எல்லாம் ஒரே கூரையின் கீழ். படிக்கச் சுவையான புத்தகம் என்று நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் அதில் ஓர் இடம் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய இடத்தில் எதெது நிற்கலாம் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மீட்டர் உயரத்துக்கு மேற்படாத காம்பவுண்டுச் சுவர் நிற்கலாம்; சின்னஞ்சிறு மோட்டார் அறை நிற்கலாம்; காவலாளிக்கு ஒரு சிறு கூண்டு நிற்கலாம். மனிதனுக்கு மனிதன் தரும் சலுகை போல எல்லாமே அளவு பார்த்து, கை அடக்கமாக. அந்தக் காலி இடத்தில் வெறுமனே காரைக் கொண்டுபோய் நிறுத்துவதில் விதிக்கு அவ்வளவாகக் கோபம் இல்லை. காரைச் சுற்றிச் சுவரும் மேலே கூரையும் எழும்பும்போதுதான் அது நிமிர்ந்து உட்காருகிறது.

ஆம்பூரில் எனக்கு ஒரு நண்பர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓசூரில் வேலையாக இருக்கும் மகன் புதுக் கார் வாங்கியதும் பழையதை அப்பா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டான். வாத்தியாருக்கு அதன் மேல் பேரன் மாதிரி பாசம் வந்துவிட்டது. வீட்டின் கிழக்கே ஒன்பது அடிச் சந்து. சந்துக்கு அப்பால் காம்பவுண்டுச் சுவர். அதற்கு அப்பால் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு பாயின் வீடு. இரண்டு குடும்பமும் முப்பது வருஷப் பழக்கம். ரம்ஜானுக்கு அங்கிருந்து பிரியாணி வரும் (ஆம்பூர் பிரியாணி என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை). பொங்கலுக்கு இங்கிருந்து கரும்பு போகும்.

நண்பர் எனக்கு டெலிபோன் செய்தார். "நீதான் கோர்ட்டு கச்சேரியெல்லாம் வைத்து நாவல் எழுதுகிறவனாச்சே! ஷெட் போட எவ்வளவு இடம் விடணும்? வந்து சொல்லு" என்றார். என் நாவலில் வந்த வக்கீல் எடுத்த கேஸில் எல்லாம் தோற்றவர் என்பது அவருக்கு ஞாபகமில்லை போலிருக்கிறது. போனேன்.

வாத்தியார் டேப்பைப் பிடித்து அளந்து, கணக்கும் போட்டு வைத்திருந்தார். ஒன்பது அடி என்றால் ஏறக்குறைய 2.75 மீட்டர். ஒரு கார் நிற்க விதி வைத்திருக்கும் அளவு இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். "பார்த்தாயா, அகலத்தில் கால் மீட்டர் மிச்சம்!" என்றார், சென்டம் வாங்கின பையனைப் போல. "கார் நிற்கிற இடத்துக்குச் சரி. ஆனால் ஷெட் கட்டடமாச்சே! பக்கத்து எல்லையை விட்டு அது தள்ளி நிற்க வேண்டாமா? பேச்சுக்கு ஒரே ஒரு மீட்டர் விடுங்கள்" என்றேன். மறுபடியும் கணக்குப் போட்டார். மிச்சம் 1.75 மீட்டர். அதற்குள் சுவர் வேறு. அவருடைய கார் நுழையும், கதவு திறக்காது. வாத்தியார் மிச்ச வாழ்நாளைக் காருக்குள்ளேயே கழிக்க வேண்டியதுதான்.

மேஸ்திரி சிரித்தார். எத்தனை வாத்தியார்களைப் பார்த்தவர்! "எதுக்கு ஸார் ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர்? காம்பவுண்டு சுவரையே நாலு அடி தூக்கிடறேன். அதும் மேலேயே தகரத்தை உட்கார வச்சிடலாம். வாட்டத்தை அந்தப் பக்கம் கொடுத்துட்டா மழைத் தண்ணியும் நம்ம வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காது" என்றார்.

தொழில் தெரிந்தவர் என்பதில் சந்தேகமில்லை. தண்ணீர் நம் வீட்டுப் பக்கம் வராது. அதாவது பாயின் வீட்டுப் பக்கம் போகும். நாலு அடி உயரும் சுவருக்கு நேர் எதிரே பாய் வீட்டின் மேற்கு ஜன்னல் இருந்தது. அந்த ஜன்னலுக்குள் ஒரு கட்டில். கட்டிலில் பாயின் தாயார். எண்பது வயசுக்கு மேல் இருக்கும். எழுந்து நடமாட முடியாது. சாயங்காலம் அந்த ஜன்னல் வழியாக வருகிற காற்றும், வாத்தியார் வீட்டு அம்மாள் துணி உலர்த்தும்போது போடுகிற இரண்டு வார்த்தைகளும்தான் அவருக்கு வெளி உலகம்.

வாத்தியார் நியாயஸ்தர். பாயிடம் கேட்டுவிடுவது என்று போனார். நானும் கூடப் போனேன். பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார், டீ வரவழைத்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "உங்க இடம், வாத்தியார் ஸார். நான் என்ன சொல்லப் போறேன்? தாராளமா கட்டுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், "அம்மா கட்டிலை மட்டும் அந்தாண்ட திருப்பிப் போட்டுக்கறேன்" என்றார்.

அனுமதி கிடைத்துவிட்டது. வாத்தியார் திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த இடத்தில் சட்டப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டினால் தப்பில்லை. 1882-ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம் என்று ஒன்று உண்டு. ஒரு வீட்டின் ஜன்னலுக்கு இருபது வருஷம் தடையில்லாமல், தகராறில்லாமல் வெளிச்சமும் காற்றும் வந்துகொண்டிருந்தால், அது அந்த வீட்டின் பாத்தியதை ஆகிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் தம் இடத்தில்தான் கட்டினாலும் அதைக் கணிசமாக மறைத்துவிடக் கூடாது. பாயின் ஜன்னல் முப்பது வருஷத்து ஜன்னல். கேஸ் போட்டால் அவர் பக்கம் நியாயம் இருக்கும். ஆனால் அவர் போடமாட்டாரே! முப்பது வருஷப் பழக்கத்தை வக்கீல் நோட்டீசில் சுற்றி அனுப்புகிறவர் இல்லை அவர். கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொள்கிற ரகம்.

கட்டட விதி எதற்காக என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கிற்று. சண்டை போடுகிற அண்டை வீட்டுக்காரருக்கு விதி தேவையில்லை. அவருக்கு வாய் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். தாட்சண்யத்தினாலோ, பயத்தினாலோ, இல்லாமையினாலோ வாய் திறக்காத மனிதர் ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாரே, அவருக்குப் பதிலாக முன்கூட்டியே ஆட்சேபம் சொல்லி வைப்பதற்குத்தான் அந்த மீட்டரும் சென்டிமீட்டரும். பாய் சம்மதித்தாலும் விதி சம்மதிப்பதில்லை. பாய்க்குப் பிறகு அந்த வீட்டில் யார் குடியிருக்கப் போகிறார்களோ, அவர்களையும் சேர்த்து அது யோசிக்கிறது. தீப்பிடித்தால் ஆள் நுழைய வேண்டும், வெள்ளை அடிக்க ஏணி சாத்த வேண்டும், கூரைத் தண்ணீர் வடிய வேண்டும் என்பதெல்லாம் உண்டுதான். அவற்றை மேஸ்திரியே சொல்லிவிடுவார்.

"நம்ம தெருவில் பாதிப் பேர் போட்டிருக்கிறார்களே!" என்று வாத்தியாரின் மகன் ஓசூரிலிருந்து கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். தமிழ்நாட்டில் விதி மீறிய கட்டடங்களுக்கு மன்னிப்பும் அவ்வப்போது கிடைத்து வந்திருக்கிறது. 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டியவற்றைப் பணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்ய நகர் ஊரமைப்புச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பிறகு இன்னொரு பிரிவு வந்து 2007 ஜூலை 1 வரை எல்லையைத் தள்ளிற்று. இதைப் பார்த்தவர்கள், கட்டிவிட்டால் என்றைக்காவது ஒரு நாள் சரியாகிவிடும் என்று நம்பினால் அவர்களைக் குறை சொல்ல முடியுமா? ஆனால் 2024 டிசம்பர் 17-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் ஒரு தீர்ப்பு எழுதினார்கள். மீரட் நகரத்தில் குடியிருப்பு மனையில் எழும்பிய கடைகளைப் பற்றிய வழக்கு அது. கட்டி எத்தனை வருஷமானாலும், எவ்வளவு பணம் போட்டிருந்தாலும், அதிகாரிகள் பார்த்தும் பாராமல் இருந்திருந்தாலும், அனுமதி இல்லாதது அனுமதி இல்லாததுதான் என்பது அதன் சாரம்.

அதே இரண்டு நீதிபதிகள் ஒன்றரை மாசம் கழித்து, 2025 ஜனவரி 30-ஆம் தேதி, இன்னொரு தீர்ப்பு சொன்னார்கள். அது எங்கோ உள்ள மீரட்டைப் பற்றியது அல்ல. வேலூர் ஜில்லாத் தோல் தொழிற்சாலைகளின் கழிவினால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுப்பது பற்றியது. இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படித்தபோது, சங்கதி ஒன்றே என்று எனக்குத் தோன்றிற்று. என் காம்பவுண்டுக்குள் நான் செய்வதைக் கேட்க நீ யார் என்பதுதான் இரண்டிலும் பேச்சு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுகத் தோல் பதனிட்டார்கள். தோல் உலகமெல்லாம் போயிற்று. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதை நான் மறுக்கவில்லை, பாய் வீட்டில் குடித்த டீயும் அந்தத் தொழில் தந்ததுதான். கழிவுத் தண்ணீர் மட்டும் சுவருக்கு வெளியே போயிற்று. வாட்டம் அந்தப் பக்கம்! 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் சொன்ன புகழ் பெற்ற தீர்ப்பில், இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற கணக்கு இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் கெட்ட எத்தனை விவசாயிகள், ஒன்றும் சொல்லாமல் கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்களோ!

ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31-ஆம் தேதி நள்ளிரவு கடந்த நேரத்தில், தோல் கழிவுச் சகதியைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் வேலை முடிந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சகதி பாய்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள். தலைமாட்டில் இருக்கும் சுவர் எவ்வளவு கனம், பின்னால் என்ன தேங்கியிருக்கிறது என்று கேட்கிற நிலையிலா அவர்கள் இருந்தார்கள்?

கோயமுத்தூர்ப் பக்கம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலை, மழையில் ஊறி நின்ற ஒரு காம்பவுண்டுச் சுவர் சரிந்து, அதன் அடியில் இருந்த வீடுகளில் உறங்கியவர்கள் பதினேழு பேர் மாண்டார்கள். சுவரின் உயரம் ஏறக்குறைய இருபது அடி. இரண்டு மீட்டர் என்று விதி வந்து பத்து மாசம் ஆகியிருந்தது. அந்தச் சுவரும் ஒருவர் சொந்த இடத்தில் கட்டிக்கொண்ட சுவர்தான். ஒரு பக்கம் பெரிய வீடு, மறு பக்கம் ஆதி திராவிடர் குடியிருப்பு.

மேஸ்திரி உயர்த்த நினைத்தது வெறும் நாலு அடி. அதை இருபது அடிச் சுவரோடு சேர்த்துப் பேசுவது அதிகம் என்று வாசகர்கள் நினைக்கலாம். பாலாற்றில் வெள்ளம் வந்த 2021 நவம்பரை ஆம்பூர்க்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த மாசம் 19-ஆம் தேதி காலையில் பேரணாம்பட்டில் மழைக்கு ஒரு வீடு இடிந்து ஒன்பது பேர் போய்விட்டார்கள். அவர்களில் நாலு பேர் குழந்தைகள். நல்ல கடைக்கால் இல்லாத சுவருக்கு மேல் பாரம் ஏற்றி, அதன் காலடியில் கூரைத் தண்ணீரையும் விட்டால் சுவர் என்ன செய்யும் என்பதற்கு இருபது அடி வேண்டியதில்லை.

விதி எல்லாம் தேவாமிர்தம் என்று நான் சொல்லவில்லை. பேரணாம்பட்டிலும் வேலூர்ப் பழைய கடைத்தெருக்களிலும் வீட்டோடு வீடு ஒட்டித்தான் இருக்கிறது. ஒரு வீட்டு வெற்றிலை இடிக்கும் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அவற்றுக்குத் தொடர் கட்டடப் பகுதி என்று பெயர் வைத்துப் பக்கவாட்டு இடைவெளி கேட்காமல் விட்டிருக்கிறார்கள், நியாயம். ஆனால் இருபது அடி அகல மனையை வாங்கவே நகையை அடகு வைத்தவனிடம் இந்தப் பக்கம் விடு, அந்தப் பக்கம் விடு என்றால் அவன் எங்கேதான் படுப்பான்? மனையைப் பிரித்து விற்றவரிடம் கேட்க வேண்டியதை மனை வாங்கினவனிடம் கேட்கிறோம். ஒரு சின்ன அனுமதிக்குப் பல தரம் நடந்து, பல மேஜைகளைப் பார்த்து, கடைசியில் விதியே வேண்டாம் என்று வெறுத்துப் போனவர்களையும் எனக்குத் தெரியும்.

அந்த நடையைக் குறைக்க 2024 ஜூலையில் அரசாங்கம் சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர், விதிப்படிதான் கட்டுகிறேன் என்று தாமே சான்று சொல்லிக் கம்ப்யூட்டர் மூலம் அனுமதி பெறலாம். அதிகாரி முன்கூட்டி வந்து பார்க்கவேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முன்பெல்லாம் பொய்க் கையெழுத்துப் போட வேறொருவரைத் தேட வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சிரமமும் இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நாமே கையெழுத்துப் போடலாம்.

வாத்தியார் ஷெட் போடவில்லை. கார் அந்தச் சந்திலேயே வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பாய்க்குத் தெரிந்த ஒரு தையல்காரர் கெட்டித் துணியில் உறை ஒன்று தைத்துக் கொடுத்தார். மத்தியானத்தில் அது போதவில்லை, ஸ்டியரிங் சுடத்தான் செய்கிறது என்று வாத்தியார் சொல்கிறார். மகனுக்குக் கொஞ்சம் மனஸ்தாபம். மேஸ்திரிக்கு வேலை போயிற்றே என்ற வருத்தம். அவரை வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல் வாத்தியார் வேறொரு வேலை கொடுத்தார். இரண்டு வீட்டுக் கூரைத் தண்ணீரும் வடிவதற்கு அந்த ஒன்பது அடிச் சந்தின் ஓரமாக ஒரு சிறு கால்வாய். செலவில் பாதியை நான் தருவேன் என்று பாய் பிடிவாதம் பிடித்தார். வாட்டம் இந்தத் தடவை தெருப் பக்கம்.